வீட்டுக்கும் கேம்பிங்குக்கும் ஒரே பவர் ஸ்டேஷன் ஆகுமா?

கேட்டவரின் நிலைமை இது. பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், இரவில் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் முகமூடி வழியாகக் காற்று தரும் கருவி) போட்டுக்கொண்டு தூங்கும் அப்பா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தவர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை காரில் டென்ட் போட்டுக்கொண்டு கொடைக்கானல், ஏலகிரி என்று கிளம்பிவிடுகிற குடும்பமும்கூட. "70,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். ஒரே பவர் ஸ்டேஷன் இரண்டுக்கும் ஆகுமா, இல்லை பேசாமல் இன்வெர்ட்டரே போட்டுவிடலாமா?" என்பது கேள்வி.

ஆகும். பவர் ஸ்டேஷன் என்பது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அடங்கிய, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி. 1000 வாட்-அவரை ஒட்டிய, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி உள்ள ஒரு பெட்டி உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் படுக்கையறை ஃபேன் இரண்டையும் மாற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யுபிஎஸ், இன்வெர்ட்டர் வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேக்கப் வாங்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பெட்டியில் எதை மாட்டப்போகிறோம் என்று யோசிப்பதில்லை.

பெட்டியின் மேல் 1000 வாட்-அவர் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், ஈ.பி. கணக்கில் அது ஒரே ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில்லில் 400, 500 யூனிட் என்று பார்க்கிறீர்களே, அதில் ஒன்று. வீடு ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட் இழுக்கிறது. நீங்கள் வாங்கப்போவது ஒரு யூனிட்டைச் சேர்த்து வைக்கிற பெட்டி. அந்த ஒரு யூனிட்டில் ஒரு ராத்திரியைக் கடத்த வேண்டும்.

இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேனுக்கு 150 வாட், பத்து மணி நேரத்தில் 1500 வாட்-அவர். பெட்டி அங்கேயே காலி, மற்றதெல்லாம் மிச்சம். மூன்று எல்.ஈ.டி. பல்பு நான்கு மணி நேரம் எரிந்தால் 100. வைஃபை ரூட்டர் 12 வாட் என்றால் 120. அப்பாவின் சிபாப், அதில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் சுமார் 40 வாட், எட்டு மணி நேரத்துக்கு 320. 250 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும், இரவுப் பங்கு 330. கூட்டினால் 2370. இந்தக் கணக்கோடு கடைக்குப் போனால் 2000 வாட்-அவர் பெட்டியைக் காட்டுவார்கள். அது எடையும் அதிகம், உங்கள் பட்ஜெட்டுக்கும் அடங்காது.

இப்போது அந்த இரண்டு ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக (கரண்ட் குறைவாக எடுக்கிற மோட்டார் உள்ள ரகம்) மாற்றுங்கள். முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டி நிற்கும், மூன்றாம் வேகத்தில் 15 வாட்டுக்கு இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்து இரவு முழுக்க 300 வாட்-அவர். ஃபிரிட்ஜை இரவில் நிறுத்திவிடலாம். கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சி தாங்கும், நடுவில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொள்ளலாம். ஃபேன் 300, விளக்கு 100, ரூட்டர் 120, சிபாப் 320. மொத்தம் 840. அதே வீடு, அதே ராத்திரி. 2000 வாட்-அவர் பெட்டியே போதாமல் இருந்த இடத்தில் 1000 வாட்-அவர் பெட்டி போதும் என்றாகிறது. இரண்டு பிஎல்டிசி ஃபேனுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆகுமா? அந்தப் பணத்துக்கு இவ்வளவு வாட்-அவரை எந்த பேட்டரிக் கடையிலும் வாங்க முடியாது. வாடகை வீடு என்று தயங்க வேண்டாம். பழைய ஃபேனை பரணில் போட்டுவைத்து, காலி செய்யும்போது மாட்டிக்கொடுத்துவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

(டிசம்பர் மழையில் குளிருமே, ஃபேன் எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். பள்ளிக்கரணையில் இருப்பவர் கேட்க மாட்டார். அங்கே வெள்ளம் வடிகிற வாரத்தில் ஃபேன் காற்றுக்காக இல்லை, கொசுவுக்காக.)

சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க, கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஈ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீங்கள் பேக்கப்பில் ஓட்ட நினைப்பதை மட்டும் போட்டுவிட்டு, ஆறு நிமிடம் மீட்டர் முன்னால் நில்லுங்கள். 3200 மீட்டரில் ஆறு நிமிடத்தில் 32 முறை சிமிட்டினால் 100 வாட். 64 என்றால் 200. ஃபிரிட்ஜ் மட்டும் விட்டுவிட்டு ஓடுவதால் அதற்கு ஒரு நாள் யூனிட் கணக்கைப் பார்ப்பதுதான் சரி. இந்த ஆறு நிமிடம் நின்றவர்கள் கடையில் ஏமாறுவதில்லை.

அடுத்து, பெட்டியில் எழுதியிருப்பது அத்தனையும் கைக்கு வராது. உள்ளே இருப்பது டிசி, அதாவது பேட்டரி கரண்ட்; அதை 230 வோல்ட் ஏசி, அதாவது வீட்டு கரண்ட் ஆக்குவதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 1024 வாட்-அவர் பெட்டியில் ஏசி பிளக் வழியாக 850 கிடைத்தால் நல்ல பெட்டி. இது இல்லாமல், ஏசி ஸ்விட்சைப் போட்டாலே, எதுவும் மாட்டாவிட்டாலும், இந்த அளவுப் பெட்டிகள் 10 முதல் 20 வாட் வரை தாங்களே தின்னும். ரூட்டருக்காக மட்டும் இரவு முழுக்க ஏசியைப் போட்டு வைத்தால், ரூட்டர் சாப்பிட்டதைவிடப் பெட்டி சாப்பிட்டது அதிகமாக இருக்கும். ரூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து, பெட்டியின் 12 வோல்ட் டிசி துளையிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிட்டால் போதும். சிபாப்புக்கும் அதைத் தயாரிக்கும் கம்பெனிகளே டிசி கேபிள் விற்கின்றன. அதை வாங்கிவிடுங்கள். இரண்டும் டிசி-க்குப் போய்விட்டால் 840 என்ற கணக்கு கழுத்தைப் பிடிக்காமல் கொஞ்சம் மூச்சுவிடும்.

சில பெட்டிகள் கொள்ளளவை 80,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-அவர்) என்று போட்டு மிரட்டும். அது பவர் பேங்க் கடையின் பழக்கம். எம்.ஏ.எச்.-ஐ ஆயிரத்தால் வகுத்து, செல்லின் வோல்ட்டால் பெருக்க வேண்டும்: 3.7 வோல்ட் செல் என்றால் 296 வாட்-அவர், 3.2 வோல்ட் செல் என்றால் 256. வாட்-அவரை எங்கேயும் எழுதாத பெட்டியைத் தொடாதீர்கள்.

வாட்-அவர் என்பது எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு. வாட் என்பது எதையெல்லாம் ஓட்டும் என்பதற்கு. இந்த இரண்டாவதில்தான் ஃபிரிட்ஜ் வந்து நிற்கிறது. ஓடும்போது 120 வாட் காட்டுகிற பழைய ஃபிரிட்ஜ், கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 300 வாட் பெட்டியில் மாட்டினால் "டிக்" என்று ஒரு சத்தம், ஓவர்லோடு விளக்கு, அவ்வளவுதான். 1500, 1800 வாட் கொடுக்கிற பெட்டிகள் இதைச் சத்தமில்லாமல் தாங்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்புவதால் சிறிய பெட்டியிலும் ஓடிவிடலாம். மிக்ஸி 500 முதல் 750 வாட், இரண்டு நிமிடம் சட்னி அரைக்கிற வேலைதான், 1800 வாட் பெட்டியில் தாராளமாக அரைக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பு, கெய்சர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் மறந்துவிடுங்கள். பெட்டி ஓட்டாது என்பதற்காக இல்லை. ஓட்டினால் அரை மணி நேரத்தில் ராத்திரிக்கான கரண்ட் போய்விடும். வாட் அளவைத் தாண்டிய லோடையும் ஓட்டுவதாகச் சில கம்பெனிகள் ஒரு வசதியை விளம்பரப்படுத்துகின்றன. அது வோல்ட்டேஜைக் குறைத்துச் சமாளிக்கிற வேலை, சூடாக்கும் பொருள்களுக்கு மட்டும் சரிவரும். மோட்டார் உள்ள எதையும் அதில் மாட்டக்கூடாது.

பேட்டரியின் ரகம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை: லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. அதைத் தவிர வேறு வேண்டாம். பழைய என்எம்சி ரகம் (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி) எடை குறைவு, ஆனால் 500 முதல் 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும். எல்.எஃப்.பி. 3000 முறைக்கு மேல் தாங்கும், சூட்டில் தீப்பிடிக்கிற அபாயமும் குறைவு. ஜாக்கரி கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் 1000 பெட்டியின் முதல் பதிப்பு என்எம்சி, கம்பெனியே 500 முறை என்றுதான் சொன்னது. அதன் வி2 பதிப்பு எல்.எஃப்.பி., 4000 முறை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். தள்ளுபடியில் பழைய சரக்கு வந்தால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

எல்.எஃப்.பி.-யில் ஒரு சின்னத் தொந்தரவு உண்டு. அதன் வோல்ட்டேஜ் முக்கால்வாசி நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், எத்தனை சதவீதம் மிச்சம் என்று பெட்டிக்கே சரியாகத் தெரியாது, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் குத்துமதிப்பாகத்தான் காட்டும். மாதக்கணக்கில் பாதி சார்ஜிலேயே கிடந்த பெட்டி 18 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணைந்துவிடலாம். எப்போதாவது ஒருமுறை 100 வரை ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும். புயல் எச்சரிக்கை வந்த அன்று அதைச் செய்யுங்கள்.

இனி இன்வெர்ட்டர். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில். 2012-ல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம், வெளிமாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் போனது. தினம் போகும், தினம் வரும். அந்தப் பழக்கத்துக்கு இன்வெர்ட்டரோடு வைக்கிற டியூபுலர் ஈய பேட்டரி கனகச்சிதம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி என்றால் ஏட்டளவில் 1800 வாட்-அவர். ஈய பேட்டரியை அடிவரை வடிக்க முடியாது என்பதால் புதிதாக இருக்கும்போது கைக்கு 1000 முதல் 1200 வரும். அதாவது நீங்கள் பார்க்கிற பெட்டியைவிடச் சற்று அதிகம், விலையோ இன்வெர்ட்டரும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு. சொந்த வீட்டுக்காரர் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் இன்வெர்ட்டர் போடுங்கள், கேம்பிங்குக்குத் தனியாக மூன்றரைக் கிலோ குட்டிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அலுப்பு என்றால் உள்ளேயே லித்தியம் பேட்டரியோடு வருகிற இன்வெர்ட்டர்களும் வந்துவிட்டன.

உங்களுக்கு வேறு பதில் சொல்ல மூன்று காரணங்கள். முதலாவது, வயரிங். இன்வெர்ட்டருக்குத் தனி லைன் பிரித்து இழுக்க வேண்டும். வீட்டு ஓனர் ஒப்புக்கொள்ள வேண்டும், காலி செய்யும்போது அந்தச் செலவு அங்கேயே தங்கிவிடும். ஐம்பது அறுபது கிலோ பேட்டரியை மாடிக்கு ஏற்றி இறக்குவது தனிப் பாடு.

இரண்டாவது, இன்றைய கரண்ட் கட்டின் குணம் வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்துவது ஒரு வகை. அதை எதை வைத்தும் சமாளிக்கலாம். புயல் வந்து நாலு நாள் போவது இன்னொரு வகை. அந்த நாலு நாளில் எங்காவது ஒரு மணி நேரம் கரண்ட் எட்டிப்பார்க்கும், அல்லது கரண்ட் வந்துவிட்ட தெருவில் உறவினர் வீடு இருக்கும். டியூபுலர் பேட்டரி முழுதாக ஏற பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும், தூக்கிக்கொண்டும் போக முடியாது. பவர் ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஈகோஃப்ளோ டெல்டா 2 மாதிரியானவை 50 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும். மிக்ஜாம் மாதிரியான நேரத்தில் எனக்கு இந்த ஒரு குணம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த வேகத்தில் ஏறும்போது பெட்டி 1200 வாட் வரை இழுக்கும். பழைய 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டாமல் 16 ஆம்பியரில் மாட்டுங்கள். அவசரமில்லாத நாளில் ஆப்பில் சார்ஜிங் வேகத்தைக் குறைத்து வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஃபேனின் இரைச்சலும் குறையும், பேட்டரிக்கும் நல்லது.

மூன்றாவது, கேம்பிங். அதற்கு இன்வெர்ட்டர் வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பவர் ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அதில் ஃபேனும் விளக்கும் மாட்டுவதுதான் முறை. பெடஸ்டல் அல்லது டேபிள் ஃபேனிலும் பிஎல்டிசி கிடைக்கிறது. சீலிங் ஃபேனை ஓட்ட வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஃபேனின் லைனைச் சுவர் வயரிங்கிலிருந்து பிரித்து, தனியாக ஒரு பிளக்கில் முடித்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இதற்குச் சோம்பல்பட்டு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைச் செய்து, பெட்டியையும் சுவர் சாக்கெட்டையும் இணைத்து வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கிற வித்தையைச் சிலர் செய்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் உயர்ந்த வோல்ட்டேஜாக மாறும், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஈ.பி. லைன்மேன் சாவார். மெயின் கரண்ட் திரும்பி வருகிற நொடியில் உங்கள் பெட்டியும் வெடிக்கலாம். அந்த வயரை வீட்டில் யாரும் செய்யவே கூடாது.

டெஸ்டர் வைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: பவர் ஸ்டேஷனின் சாக்கெட்டில் இரண்டு துளையிலும் டெஸ்டர் மங்கலாக எரியலாம். பெட்டி பழுது என்று அர்த்தமில்லை. அதன் அவுட்புட் எர்த்தோடு கட்டப்படாமல் மிதக்கிறது, அதனால் ஃபேஸ், நியூட்ரல் என்ற பிரிவு அதில் கிடையாது. அதே காரணத்தால் உங்கள் வீட்டு டிரிப்பர் (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற ஸ்விட்ச்) தருகிற பாதுகாப்பும் அங்கே இல்லை. ஈரக் கையோடு தொடாதீர்கள்.

அப்பாவின் சிபாப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியை எப்போதும் சுவரில் மாட்டியே வைத்து, அதன் வழியாக சிபாப்பை ஓட்டலாம்; கரண்ட் போனால் 20, 30 மில்லி செகண்டில் பேட்டரிக்கு மாறிவிடும், அவர் தூக்கம் கலையாது. ஆனால் இந்தப் பெட்டிகளில் ஆட்டோ ஆஃப் என்று ஒரு அமைப்பு இருக்கும்: லோடு மிகக் குறைவாக இருந்தால், யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு சில மணி நேரத்தில் அவுட்புட்டை அணைத்துவிடும். சிபாப், ரூட்டர் போன்ற சின்ன லோடுகள் இதில் மாட்டும். வாங்கிய அன்றே செட்டிங்கில் போய் அதை நிறுத்துங்கள். பெட்டி ஒருமுறை முழுதாக வடிந்து, பிறகு கரண்ட் வந்தால் அவுட்புட் தானாகத் திரும்ப வருகிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள். எல்லா மாடலிலும் வராது. படிக்கிறவர்கள் வேறு யாராவது ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருக்காக இதைப் பார்த்துக்கொண்டிருந்தால்: அது விடாமல் 300, 400 வாட் எடுக்கும். 1000 வாட்-அவர் பெட்டி மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. சிலிண்டரை வீட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியை அதை மாட்டுகிற வரைக்குமான இடைவெளிக்கு மட்டும் நம்புங்கள்.

கேம்பிங் பக்கம் வருவோம். இங்கே எடைதான் முதல் கேள்வி. ஈகோஃப்ளோ டெல்டா 2-ன் எடை 12 கிலோ, கொள்ளளவு 1024 வாட்-அவர். ஆங்கர் சோலிக்ஸ் சி1000 சுமார் 13 கிலோ, 1056. ஜாக்கரி 1000 வி2 சுமார் 11 கிலோ, 1070, இதில் ஏசி 1500 வாட், மற்ற இரண்டிலும் 1800. ப்ளூட்டி ஏசி180-ல் 1152 இருக்கிறது, ஆனால் 16 கிலோ. காரிலிருந்து டென்ட் வரை என்றால் 12 கிலோவைத் தூக்கலாம். 16 கிலோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஈரப் புல்சரிவில் இறங்கிப் பார்த்தால் நாலு கிலோவின் மதிப்பு தெரியும். இந்த நாலில் எதுவும் உங்கள் தேவைக்குப் போதும். எதற்கு இங்கே முறையான பில்லும் சர்வீஸும் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

உண்மையில் கேம்பிங்குக்கு இவ்வளவு தேவையே இல்லை. ஒரு போனை முழுதாக ஏற்ற 25 வாட்-அவர். ஒரு எல்.ஈ.டி. லாந்தர் விடிய விடிய எரிந்தாலும் 50, 60. அப்பா வந்தால் சிபாப் 320. காரில் வைக்கிற 12 வோல்ட் ஃபிரிட்ஜ் இருந்தால்தான் ஒரு நாளைக்கு 300, 400 என்று எகிறும். சிபாப்பும் ஃபிரிட்ஜும் இல்லாத குடும்பத்துக்கு 256 வாட்-அவர் பெட்டி இரண்டு ராத்திரிக்குத் தாங்கும். கெட்டில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 100 வாட்-அவருக்கு மேல் போகும், நாலு போன் சார்ஜ் அது. காலை டீக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும்.

சோலார் பேனல் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. 100 வாட் மடக்குப் பேனல் நல்ல வெயிலில் 60, 70 வாட் தரும். கொடைக்கானல் மூட்டத்தில் அதுவும் கிடையாது, புயல் நாளில் கேட்கவே வேண்டாம். அதைவிட, கார் சாக்கெட்டில் மாட்டினால் சுமார் 100 வாட் ஏறும். சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஓட்டுகிறீர்கள், போய்ச் சேரும்போது பெட்டி கிட்டத்தட்ட நிறைந்திருக்கும், செலவு எதுவும் இல்லாமல். பிறகு பேனல் வாங்கினால் பெட்டி எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்று பாருங்கள். வீட்டுக் கூரையில் போடும் பெரிய பேனல் 45, 50 வோல்ட் வரை தரும். 30 வோல்ட் வரம்புள்ள குட்டிப் பெட்டியில் அதை மாட்டினால் உள்ளே சர்க்யூட் போய்விடும். (கூரையில் சோலார் இருக்கிறதே, கரண்ட் போனால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மானியத்தில் போடுகிற ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் போன உடனே தானும் அணைந்துவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.)

காரில் விட்டுவிட்டுச் சுற்றப்போகிறவர்களுக்கு: வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான பெட்டிகள் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்காது, அந்தச் சூட்டில் கிடந்தால் ஆயுளும் குறையும். நிழலில் நிறுத்துங்கள், அல்லது இறக்கி வையுங்கள். டென்ட்டில் தரையில் வைக்காமல் ஏதாவது ஒன்றின் மேல் வைத்து, காற்றுத் துவாரத்தை மறைக்காமல், பனி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் இதுவே: வெள்ளம் வருகிற இடத்தில் பெட்டியின் இடம் மேசைக்கு மேலே. நனைந்துவிட்டால் காயவைத்து நீங்களே சார்ஜ் போட்டுப் பார்க்கக்கூடாது.

மின்சாரக் கார் வாங்குகிற யோசனை இருந்தால் பெட்டியைத் தள்ளிப்போடுங்கள். 2023-ல் வந்த டாடா நெக்ஸான் ஈவி போன்ற சில கார்களில் வெளியே 3.3 கேவிஏ வரை கரண்ட் எடுக்கிற வசதி இருக்கிறது. 30 யூனிட்டுக்குக் குறையாத பேட்டரி அது, டென்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

அமெரிக்காவில் இருக்கிற தம்பியிடம் சொல்லி வரவழைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. விமானத்தில் பயணி 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. அப்படியே வந்தாலும் அங்கே விற்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உங்கள் ஃபேனும் ஃபிரிட்ஜும் அதில் ஓடாது. இங்கேயே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாடல், நம் ஊர் உருண்டை முள் பிளக் போகிற சாக்கெட், ஜி.எஸ்.டி. பில், லித்தியம் பேட்டரிக்கான பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) குறி என்று பார்த்து வாங்குங்கள். வாரண்டி ஐந்து வருடம் என்றால், பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். இந்த எடையுள்ள லித்தியம் பெட்டியை எடுக்க பல கூரியர்கள் தயங்குவார்கள், அதனால் சென்னையிலேயே சர்வீஸ் இருப்பது 5000 ரூபாய் தள்ளுபடியைவிட மேல்.

வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள், கரண்ட் இருக்கிற ஒரு சாதாரண இரவில் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு ஃபேன், ரூட்டர், சிபாப் எல்லாவற்றையும் அதில் ஓட்டுங்கள். சிபாப்பின் சுவர் அடாப்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்போது எத்தனை சதவீதம், காலையில் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். காலையில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஹால் விளக்கிலிருந்து குறைக்க ஆரம்பியுங்கள். பாதியில் அணைந்திருந்தால் முதலில் அந்த ஆட்டோ ஆஃப் செட்டிங்கைப் பாருங்கள், பிறகு கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.